சட்டைப் பையில் ஒரு பல் செட்

அப்பா வெளியே கிளம்பினால் மேல் செட் வாயில் இருக்கும், கீழ் செட் சட்டைப் பையில் இருக்கும். பேனா, மூக்குக்கண்ணாடிக் கூடு, சில்லறை, அவற்றோடு கைக்குட்டையில் சுற்றிய பதினான்கு பற்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்ட பிறகுதான் கைக்குட்டையைப் பிரிப்பார். டம்ளர் தண்ணீரில் அலசி மாட்டிக்கொள்வார். பக்கத்து இலைக்காரர் அந்த நேரம் பார்த்து வேறெங்கோ பார்ப்பார். நாலு வாய் போனதும் அது மறுபடி கைக்குட்டைக்குத் திரும்பிவிடும். "கெடக்குது விடு" என்று ஈறாலேயே வடையைச் சமாளித்துவிடுவார்.

முப்பத்தைந்து வருடம் தமிழாசிரியர். எழுத்துகளின் பிறப்பை நடத்தும் நாளில் மேல் பல்லைக் கீழுதட்டில் பதித்து வகரத்தைக் காட்டுவாராம். பழைய மாணவர்கள் இன்றும் செய்து காட்டுகிறார்கள். பல்லும் இதழும் இயைந்தால்தான் வகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியர் வகுத்தது. தகரமும் நகரமும் பிறக்க நாக்கு நுனி மேல்வாய்ப் பல்லின் அடியைத் தொட வேண்டும். பல் போனால் சொல் போச்சு என்பதை நாம் பழமொழியாகச் சொல்கிறோம். அப்பாவுக்கு அது இலக்கணம். அறுபத்தொரு வயதில் சர்க்கரையும் ஈறு நோயும் சேர்ந்து மிச்சமிருந்த பற்களையெல்லாம் எடுத்துவிட்டபோது, 'வணக்கம்' என்று ஆரம்பித்தால் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு மாதம் போனையே எடுக்கவில்லை.

மேல் செட் வந்ததும் வகரம் திரும்பியது. கீழ் செட் மட்டும் ஏன் பைக்குப் போனது? இந்தக் கட்டுரைக்காகப் பல் மருத்துவர்களிடம் நான் முதலில் கேட்ட கேள்வி அதுதான். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "எல்லா வீட்டிலயும் கீழ் செட் டப்பாவுலதான் சார் இருக்கும்" என்றார் ஒருவர்.

காரணம் எளிது. மேல் செட் அண்ணத்தை முழுக்க மூடுகிறது. அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவே எச்சில் ஒரு மெல்லிய ஏடாகப் படிகிறது. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிரித்துப் பாருங்கள், வராது. அதே பிடிதான். கீழே அண்ணம் கிடையாது. நடுவில் நாக்கு உட்கார்ந்திருக்கிறது. செட் லாட வடிவில் ஒரு குறுகிய மேட்டின்மேல் நிற்க வேண்டும். உட்காரும் இடம் மேலே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒரு பக்கம் நாக்கு தள்ள, மறுபக்கம் கன்னம் இடிக்க, பேசும்போதெல்லாம் அது மிதக்கும். போதாக்குறைக்கு அந்த மேடே வருடத்துக்கு வருடம் கரைகிறது.

மேடு கரையும் கதை

பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே வளர்ந்த எலும்பு. கடிக்கும்போது பல் வழியாக இறங்கும் அழுத்தம்தான் அதற்குத் தீனி. பல் போனதும் அதற்கு வேலை இல்லை. உடம்பு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடைவாய்ப் பக்கம் ஒரு பல்லை எடுத்தால் ஓராண்டுக்குள் அந்த இடத்து மேட்டின் அகலத்தில் பாதிவரை போய்விடுகிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்திலேயே. பல் செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்து 1972-இல் வெளியான ஓர் ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு வேகத்தில் தேய்வதைக் காட்டியது. வயதானவர்களின் முகவாய் மூக்கை நோக்கி ஏறிவருவதும் வாய் உள்ளே குழிவதும் இதனால்தான். பொக்கை வாய் என்று நாம் பார்ப்பது பல் போனதை மட்டும் அல்ல, எலும்பு போனதையும்.

ஆகவே 'எந்தப் பல் கட்டலாம்' என்ற கேள்வி, எடுத்துப் பத்து வருடம் கழித்து வருவதைவிட, எடுக்கப் போகும் அன்று வருவது நல்லது. எடுத்த குழியிலேயே எலும்புத் துகள் நிரப்பி மேட்டைக் காப்பாற்றலாமா, அங்கேயே இம்ப்ளான்ட் வைக்கலாமா, அல்லது எடுக்காமல் வேர் சிகிச்சை செய்து கேப் போடலாமா என்றெல்லாம் பேச அன்றுதான் வாய்ப்பு. நம்மூரில் அன்று பேசப்படுவது ஒன்றே ஒன்று: வலி.

எனக்கும் அப்படித்தான். பத்தொன்பது வயதில் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு இரவு தூங்கவிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பிடுங்கியாகிவிட்டது. ஒரு ஊசி, ஒரு பஞ்சு, ஐஸ்கிரீம் சாப்பிட அனுமதி. அது ஆறாம் வயதில் முளைக்கும் பல் என்று பின்னால்தான் தெரிந்தது. எந்தப் பால் பல்லும் விழாமல், எல்லாப் பற்களுக்கும் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். சொத்தை வந்தால் 'விழுந்து முளைக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். முளைக்காது. வாயிலேயே அதிக பாரம் சுமக்கும் பல் அது. முதலில் இழக்கப்படும் பற்களில் ஒன்றும் அதுவே.

இருபத்தைந்து வருடம் கழித்து எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார் மருத்துவர். காலி இடத்துக்குப் பின்னாலிருந்த பல், பஸ்ஸில் தூங்கி வழிபவர்போல் முன்னால் சாய்ந்திருக்கிறது. மேலே இருந்த பல் கடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கி வந்திருக்கிறது. வெளியே சிரித்தால் தெரியாத இடம் என்று நான் மறந்தே போன ஓட்டை, உள்ளே அக்கம்பக்கத்தையெல்லாம் இடம் மாற்றியிருந்தது.

கழற்றி மாட்டுவது

பல் கட்டும் ஆசை புதிதல்ல. 1538-இல் இறந்த ஒரு ஜப்பானிய பௌத்தத் துறவினி அணிந்த மரப் பல் செட் இன்றும் இருக்கிறது. ஒரே கட்டையில் அண்ணத்துக்குப் பொருந்தச் செதுக்கியது. எச்சில் ஏட்டின் பிடியை அந்தத் தச்சர் அன்றே அறிந்திருக்கிறார். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1789-இல் பதவியேற்றபோது வாயில் ஒரே ஒரு சொந்தப் பல். அவருடையது மரப் பல் என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தம், ஈயம், மனிதப் பற்கள். தன் பண்ணை அடிமைகளிடமிருந்து ஒன்பது பற்களைக் காசு கொடுத்து வாங்கியதாக 1784-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக் கிடந்த இளைஞர்களின் பற்கள் ஐரோப்பியப் பணக்காரர்களின் வாய்க்கு ஏறின. குட்இயர் கண்டுபிடித்த கெட்டிப்படுத்திய ரப்பர் வந்த பிறகுதான் பல் செட் நடுத்தர வீட்டுக்கு இறங்கியது. இன்று நாம் பார்க்கும் ரோஸ் நிற அக்ரிலிக், 1930-களின் கடைசியில் வந்தது.

சென்னையில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் 'சைனா பல் டாக்டர்' என்பார்கள். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து இங்கே தலைமுறைகளாகப் பல் கட்டிய குடும்பங்கள் அவர்கள். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டமில்லாமல் ஏற்கெனவே தொழில் செய்தவர்களுக்கென்று தனிப் பதிவேடு ஒன்றை வைத்தது. படிப்பைவிடக் கைப்பழக்கம் பேசிய காலம்.

ஒன்றிரண்டு பற்கள் மட்டும் இல்லாதவர்களுக்கு அக்ரிலிக்கில் கம்பிக் கொக்கி வைத்துக் கட்டித் தருவது இன்றும் மிக மலிவான வழி. அச்சு எடுத்து, லேபுக்கு அனுப்பி, சில நாளில் கையில் வந்துவிடும். சில நூறில் தொடங்கி சில ஆயிரங்களில் முடியும். ஆனால் இது தற்காலிகம் என்று சொல்லித்தான் நல்ல மருத்துவர்கள் கொடுப்பார்கள். கொக்கி பிடிக்கும் பல்லில் அழுக்கு தங்கி அதுவும் சொத்தையாகும். தகடு ஈறைத் தேய்க்கும். கோபால்ட் குரோமிய உலோகச் சட்டத்தில் வார்ப்பது கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் மெல்லியது. பாரத்தைப் பற்கள் மேல் ஏற்றி ஈறைக் காப்பாற்றும். எனக்குத் தெரிந்து நம்மூரில் இதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கவில்லை. விளம்பரத்துக்கு ஏற்ற பளபளப்பு அதில் இல்லை என்பதால் இருக்கலாம்.

சிறிய பல் செட்டைப் போட்டபடியே தூங்காதீர்கள். தொண்டைக்குள் போய்விடும். அக்ரிலிக் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்பதால், விழுங்கியவரைக் கொண்டுபோனால் அது எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முழு செட்டையும் இரவில் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். கழற்றாதவர்களின் அண்ணம் சிவந்து பூஞ்சை படரும். வெந்நீர் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும். பற்பசை கீறும், சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். கழுவும்போது தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டு கழுவினால், கை நழுவினாலும் உடையாது. எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் முழு செட்டின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லில் கால் பங்கைத் தாண்டாது என்பதைக் கட்டும் முன்பே சொல்லிவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும். எலும்பு தேய்ந்து தளர்ந்ததும் உள்பக்கம் புதிதாக அக்ரிலிக் ஏற்றி இறுக்கலாம். இதைக்கூட அறியாமல் பசை டியூப் வாங்கி ஒட்டிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் எத்தனையோ பேர்.

ஒன்றுக்காக இரண்டு

அடுத்தது பிரிட்ஜ். காலி இடத்துக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் செதுக்கி, மூன்று பற்களை ஒரே துண்டாக வார்த்து ஒட்டுவது. இரண்டு மூன்று முறை போனால் வேலை முடிந்துவிடும், கழற்ற வேண்டாம், மெல்லலாம். கோளாறு செதுக்குவதில் இருக்கிறது. இனாமலைச் செதுக்கினால் செதுக்கியதுதான். சொத்தையே இல்லாத இரண்டு பற்களை, இல்லாத ஒரு பல்லுக்காகப் பலி கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. தூண் ஒன்றில் உள்ளுக்குள் சொத்தை பிடித்தால் மூன்றும் சேர்ந்து போகும். பிரிட்ஜுக்குக் கீழே எலும்பு வழக்கம்போல் தேய்வதால் அங்கே இடைவெளி விழுந்து சோறு சிக்கும்.

பக்கத்துப் பற்களுக்கு ஏற்கெனவே வேர் சிகிச்சை ஆகி எப்படியும் கேப் போட வேண்டுமென்றால் கதை வேறு. அப்போது பிரிட்ஜ்தான் புத்திசாலித்தனம். முன்பல் ஒன்று போன இளைஞர்களுக்கு இன்னொரு வகை உண்டு: பின்பக்கம் ஒரு சிறிய இறக்கை வைத்து, பக்கத்துப் பல்லின் முதுகில் ஒட்டுவது. செதுக்கல் மிகக் குறைவு. ஒற்றை இறக்கை இரட்டை இறக்கையைவிட நன்றாக நிற்கிறது என்பது அனுபவம் கற்றுக்கொடுத்த வினோதம். பதினைந்து வயதுப் பையன் கிரிக்கெட்டில் பல்லை இழந்து வந்தால் இதுதான் சரி. வளரும் தாடையில் இம்ப்ளான்ட் வைத்தால் சுற்றிலும் எலும்பு வளர, அது மட்டும் நட்ட இடத்திலேயே அமிழ்ந்து நிற்கும்.

அந்தப் பையனின் பல் முழுசாகத் தெறித்து விழுந்திருந்தால் அதற்கும் முந்தைய வழி ஒன்று இருக்கிறது. வேர்ப் பகுதியைத் தொடாமல் தலைப்பக்கம் பிடித்து எடுத்து, குழியிலேயே திரும்பச் செருகுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஓடுங்கள். பால் பல்லுக்கு மட்டும் இது கூடாது. டீக்கடை எந்தத் தெருவிலும் இருக்கிறது, பால் கிடைக்காமல் போகாது.

முயலின் காலில் தொடங்கியது

1952-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பல் மருத்துவர் அல்ல. ஆனால் அந்தப் பிடிவாதம் எதற்கு உதவும் என்று யோசித்தார். 1965-இல் கோதன்பர்க்கில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானிய வேர்களை நட்டார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ளவர் லார்சன். மெல்ல முடியாமல் தவித்தவர். 2006-இல் அவர் இறக்கும்வரை அந்த வேர்கள் வாயிலேயே இருந்தன. பல் மருத்துவ உலகம் நம்பத்தான் நாளானது. 1982-இல் டொரண்டோ மாநாட்டில் ஆதாரங்களை அடுக்கிய பிறகே அட்லாண்டிக்கின் மறுகரையில் கதவு திறந்தது.

இம்ப்ளான்ட் என்பது பல் அல்ல, வேர். எலும்புக்குள் இறங்கும் திருகு, அதன்மேல் ஒரு குட்டித் தூண், அதற்கு மேல் கேப். திருகை இறக்கிய பின் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் காத்திருப்பது பழைய கணக்கு. இப்போது காலம் குறைந்திருக்கிறது. 'ஒரே நாளில் பல்' என்றுகூட விளம்பரம் பார்க்கிறோம். அன்றே தற்காலிகப் பல் வைப்பது சிலருக்குச் சாத்தியம்தான். ஆனால் எலும்பு பிடிக்கும் வேகத்தை விளம்பரம் மாற்றிவிடாது.

பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம் என்பதும், திருகு எலும்புக்கு வேலை கொடுத்து அதைத் தேயவிடாமல் காப்பதும் இதன் பெருமை. பத்தாண்டுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிற்கின்றன. இதைக் கேட்டுவிட்டு 'ஆயுசுக்கும் கவலையில்லை' என்று கிளம்புகிறவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இம்ப்ளான்ட்டில் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு பழுத்து எலும்பை அரிக்கும். வலி அதிகம் இல்லாமலே நடக்கும். எந்த ஈறு நோயால் பல் போனதோ அதே வாயில்தானே திருகும் நிற்கிறது! பீடி, சிகரெட், கட்டுக்குள் வராத சர்க்கரை மூன்றும் அதன் எதிரிகள். எலும்புத் தேய்வுக்கும் சில புற்றுநோய்களுக்கும் போடும் ஊசி மருந்துகள் சிலவற்றால், பல் எடுத்தாலோ திருகு இறக்கினாலோ தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. வருடத்துக்கு ஒரு முறை போடும் ஊசிதானே என்று பல் மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

இன்னொன்று. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது; தலைமுடி ஒன்று நடுவில் வந்தாலும் அது சொல்லிவிடும். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. சோற்றில் கல் கிடந்தால் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

செலவு ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. ஒரு பல்லுக்குச் சில பத்தாயிரங்கள். நான் கேட்கச் சொல்வது விலையை மட்டும் அல்ல, பெயரை. எந்தக் கம்பெனித் திருகு, என்ன அளவு என்று அதன் ஸ்டிக்கரோடு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து மேல்தூண் தளர்ந்து நீங்கள் வேறு ஊரில் நிற்கும்போது, அந்தச் சீட்டு இல்லாமல் எந்த மருத்துவரும் எந்தச் சாவியைப் போடுவது என்று திணறுவார்.

தாடைக்கு நான்கே திருகில் வாய் முழுக்கப் பல் கட்டும் முறை ஒன்று போர்த்துகல்லில் பிறந்து இப்போது இங்கும் பரவலாகியிருக்கிறது. பல்லே இல்லாதவர்களுக்கு அருமையான வழி. ஆனால் காப்பாற்றக்கூடிய ஏழெட்டுப் பற்கள் இருக்கிற வாயில், 'எல்லாத்தையும் எடுத்துட்டா வேலை சுத்தம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

அவ்வளவு பணம் இல்லாதவர்கள் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. மாணவர்கள் படிப்பை முடிக்க இத்தனை முழு செட் கட்டியாக வேண்டும் என்பதால் பொறுமையாக, பேராசிரியர் பார்வையில் செய்வார்கள். நடை கூடும், அதற்குத் தயாராகப் போக வேண்டும்.

விட்டுவிடலாமா?

என் சாய்ந்த பல்லுக்கு வருகிறேன். கம்பி போட்டு நிமிர்த்தி, மேல் பல்லை மேலேற்றி, பிறகு இம்ப்ளான்ட். ஒன்றரை வருடம். "செஞ்சா நல்லது. செய்யலேன்னாலும் இது இனிமே பெரிசா நகராது" என்றார் மருத்துவர். நான் விட்டுவிட்டேன். இதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான் என்பதற்கு 1981-லேயே நெதர்லாந்தின் நைமேகனில் ஆர்ந்த் கைசர் அடித்தளம் போட்டிருக்கிறார்: ஒன்றோடொன்று பொருந்தும் பத்து ஜோடி, ஆக இருபது பற்கள் இருந்தால் மனிதன் பெரும்பாலும் வசதியாகவே சாப்பிடுகிறான். ஜப்பான் 1989-இல் 'எண்பது வயதில் இருபது பல்' என்றே ஓர் இயக்கம் தொடங்கியது. 2016-இல் எண்பதை ஒட்டிய ஜப்பானியர்களில் பாதிப் பேர் அதை எட்டியிருந்தார்கள்.

அதே ஜப்பான்தான் புதிய பல்லை முளைக்கவைக்கும் மருந்தையும் சோதித்துக்கொண்டிருக்கிறது. பல் வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு புரதத்தை முடக்கினால் எலிக்கும் ஃபெரெட் என்ற சிறு விலங்குக்கும் பல் முளைத்தது. 2024-இல் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. முதலில் அது பிறவியிலேயே பல் இல்லாத குழந்தைகளுக்கானது. நாம் தேய்க்காமல் விட்ட பல்லுக்கு வர இன்னும் வெகுதூரம்.

அப்பாவின் கதை போன தீபாவளிக்குத் திரும்பியது. கைக்குட்டையோடு கீழ் செட்டும் வாஷிங் மெஷினுக்குள் போய், சட்டையோடு சுற்றி, இரண்டு துண்டாக வெளியே வந்தது. பல் டாக்டர் இரண்டு துண்டையும் மேஜையில் வைத்துவிட்டுப் புதிய செட்டைப் பற்றிப் பேசவில்லை. "முன்பக்கத்துல ரெண்டு இம்ப்ளான்ட் மட்டும் வச்சு, அதுமேல பட்டன் மாதிரி இந்த செட்டை மாட்டிறலாம் சார்" என்றார். பல் இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தேர்வே இதுவாக இருக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தது எனக்குப் பிறகுதான் தெரியும். பதினைந்து வருடத்துக்கு முன் யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்டார் அப்பா.

"பதினஞ்சு இருபது வருஷம் தாங்கும் சார்."

"அது தாங்கும். நான் தாங்கணுமே."

ஸ்கேன் எடுத்தோம். பின்பக்க மேடு மொத்தமும் போயிருந்தது. முகவாய்க்கு நேராக, முன்பக்கத்தில் மட்டும் இரண்டு திருகு பிடிக்கும் அளவுக்கு எலும்பு மிச்சமிருந்தது. அங்கேதான் அது கடைசிவரை நிற்குமாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை ஏழுக்குக் கீழே கொண்டுவரச் சொன்னார்கள். வெறும் டீயாகக் குடித்து இரண்டு மாதத்தில் கொண்டுவந்தார். பங்குனியில் திருகு இறக்கினார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் ரசம் சாதம்.

இப்போது ஈறுக்குள் திருகுகள் மூடிக் கிடக்கின்றன. எலும்பு பிடிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரைக்கும் ஒட்டவைத்த பழைய செட்டின் உள்பக்கத்தைக் குடைந்து கொடுத்திருக்கிறார்கள். நேற்று பென்ஷன் வாங்க பாங்குக்குக் கிளம்பினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கைக்குட்டை இருந்தது.